பெயர் ஒன்று, சரக்கு வேறு

செல்போனிலிருந்து செல்போனுக்குக் கைமாறும் ஃபைல்களில் எது பாட்டு, எது படம், எது திருடன்? நடுவில் சோதிக்க ஆளில்லாத பரிமாற்றத்தில் இதைக் கண்டுபிடிக்கும் வேலை கடைசியில் யார் தலையில் விழுகிறது?

அந்தமானில் ஊர்ப் பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது ஆபத்து. தெற்கு அந்தமானில் ஒரு மன்னார்காடு இருக்கிறது. ஒரு திரூர் இருக்கிறது. காலிகட் என்றும் ஒரு கிராமம். 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பின் தண்டனை பெற்றுக் கடல் கடந்து வந்தவர்கள் சொந்த ஊரைக் கொண்டுவர முடியாமல் பெயரை மட்டும் கொண்டுவந்து நட்ட இடங்கள் இவை. பெரார்கஞ்ச், 1923 முதல் 1931 வரை இங்கே தலைமைக் கமிஷனராக இருந்த பெரார் என்ற ஆங்கிலேயரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. தலைநகரான போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அந்த மாற்றத்தால் ஊரின் ஒரு செங்கல்கூட நகரவில்லை. போர்டு வேறு, ஊர் வேறு என்பது தீவுவாசிகளுக்குத் தெரியும்.

ஆனால் கையிலிருக்கும் செல்போனில் வந்து விழும் ஃபைலைப் பார்க்கும்போது இந்த ஞானம் காணாமல் போய்விடுகிறது. போர்டில் 'கல்யாண அழைப்பிதழ்' என்று எழுதியிருந்தால் அது அழைப்பிதழ்தான். தீவுவாசிகள் மட்டுமல்ல, சென்னைவாசிகளும் டெல்லிவாசிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பல சமயம் கம்ப்யூட்டரும் அப்படித்தான் நினைக்கிறது.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே ஜாரவாக்களின் காட்டை நோக்கிப் போகும் அந்தமான் டிரங்க் ரோடு பெரார்கஞ்ச் வழியாகச் செல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 3.8 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். சென்னையிலிருந்து கப்பலில் கிளம்பினால் ஏறக்குறைய மூன்று நாள். நெடுங்காலம் தகவலுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 2020 வரை தீவுகளின் இன்டர்நெட் முழுவதும் சாட்டிலைட்டை நம்பியிருந்தது. வேகம் குறைவு, செலவு அதிகம். ஒரு சினிமாவை இன்டர்நெட்டிலிருந்து இறக்குவதைவிட, கப்பலிலோ விமானத்திலோ வருகிறவரின் பென் டிரைவுக்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

இப்படி வந்து சேர்ந்த ஒரு பிரதி ஊர் முழுக்கப் பரவ இன்டர்நெட் தேவையில்லை. மெமரி கார்டு, புளூடூத், பிறகு ஷேர்இட், ஜெண்டர் போன்ற ஆப்கள். இரண்டு போன்கள் தமக்குள்ளேயே ஒரு வைஃபை பாலம் போட்டுக்கொள்ளும். சில நிமிடங்களில் படம் கைமாறிவிடும். கம்ப்யூட்டர்காரர்கள் 'பியர் டு பியர்' என்று சொல்வது இதன் பெரிய வடிவத்தைத்தான். நடுவில் சர்வர் இல்லை, முதலாளி இல்லை, ஒருவரிடமிருந்து நேராக இன்னொருவருக்கு. மெதுவான இன்டர்நெட் இருந்த இடங்களிலெல்லாம், தமிழ்நாட்டுக் கிராமங்கள் உட்பட, இளைஞர்களின் பாட்டுப் பெட்டி இப்படித்தான் நிரம்பியது.

2020ன் மத்தியில் ஆறே வாரங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களின் பட்டியலில் ஷேர்இட், ஜெண்டர் இரண்டும் இருந்தன. ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். சுமார் 2,300 கி.மீ. நீளம், ரூ. 1,224 கோடி செலவு. பழைய பாலம் போயிற்று, புதிய நெடுஞ்சாலை வந்தது. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தெரிந்தவர் அனுப்பினால் திறந்து பார்ப்பது என்ற பழக்கம்.

வாலைப் பார்ப்பதா, தலையைப் பார்ப்பதா?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எந்த ஃபைலும் அடிப்படையில் எண்களின் வரிசைதான். இளையராஜாவின் பாட்டும் எண்கள், வங்கிக் கணக்கும் எண்கள், வைரஸும் எண்கள். எந்த வரிசையை ஸ்பீக்கருக்கு அனுப்புவது, எதைத் திரைக்கு அனுப்புவது, எதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு செயல்படுவது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பெயரின் வால். புள்ளி வைத்து எம்பி3 என்றிருந்தால் பாட்டு, ஜேபிஜி என்றிருந்தால் போட்டோ, பிடிஎஃப் என்றால் ஆவணம், இஎக்ஸ்இ என்றால் விண்டோஸில் ஓடும் புரோகிராம், ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஆப். சுலபமான வழி. ஆனால் வால் என்பது பெயரின் பகுதி. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

இன்னொன்று, ஃபைலின் தலை. உள்ளே முதல் சில எழுத்துகளைப் படித்துப் பார்ப்பது. பிடிஎஃப் ஃபைல் ஒரு சதவீதக் குறியோடும் அந்த மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். விண்டோஸ் புரோகிராமின் தலையில் எம், இஸட் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. ஜிப் ஃபைலின் தலையில் பி, கே. அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். ஃபைலின் தலையைப் படித்து வகை சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1973லிருந்தே இருக்கிறது.

தலையைப் பார்த்தால் பிரச்னை தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. இன்றைய வேர்டு ஆவணம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஆண்ட்ராய்டின் ஏபிகேயும் ஜிப் பொட்டலம்தான். இரண்டின் தலையிலும் அதே பி, கே. ஆவணமா, ஆப்பா என்று தெரிய பொட்டலத்தைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர் ஒரு காலத்தில் ஏபிகேயை இறக்கும்போது அதன் வாலை மாற்றி ஜிப் என்று எழுதிவைத்துப் பலரைக் குழப்பியது இதனால்தான். எம்பி3 இன்னும் மோசம். அதற்கு நிரந்தரமான தலை என்று ஒன்று கிடையாது. சிலவற்றில் பாடகர் பெயர், படத்தின் பெயர் அடங்கிய சீட்டு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

பியர் டு பியர் வரலாற்றின் முதல் பெரிய ஏமாற்று வேலை இந்த எம்பி3யை வைத்துத்தான் நடந்தது. அதைச் செய்தவர்கள் திருடர்கள்கூட இல்லை. 1999ல் அமெரிக்க மாணவர் ஷான் ஃபானிங் தொடங்கிய நாப்ஸ்டர், பாட்டை மட்டுமே பரிமாற அனுமதித்தது. எம்பி3 தவிர வேறு எதையும் ஏற்காது. மறு ஆண்டே ராப்ஸ்டர் என்ற குட்டி சாஃப்ட்வேர் வந்தது. எந்த ஃபைலையும் எம்பி3 வேஷத்தில் பொட்டலம் கட்டும். வாசல்காரன் பாட்டு என்று நினைத்து உள்ளே விடுவான். உள்ளே இருப்பது சினிமாவாகவோ சாஃப்ட்வேராகவோ இருக்கும்.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பல, புளூடூத்தில் வரும் ஏபிகேயை ஏற்க மறுத்தபோது நம்மூர் இளைஞர்கள் செய்ததும் இதையேதான். வாலை வெட்டிவிட்டு போட்டோவின் வாலை ஒட்டினார்கள். வந்து சேர்ந்ததும் பழைய வாலைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். காவலை ஏமாற்றும் வித்தையை நல்லவர்கள் முதலில் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டதெல்லாம் கொடுக்கும் கடை

2000 மார்ச்சில் வெளியான நூடெல்லா, நாப்ஸ்டரைவிட ஒரு படி மேலே போனது. மத்தியப் பட்டியல்கூடக் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும். தேடல் முழுவதும் பெயரை வைத்துத்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாண்ட்ரகோர் என்ற புழு இதில் நுழைந்தது. அதன் தந்திரம் அபாரமான எளிமை. யார் எதைத் தேடினாலும் 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லும். நீங்கள் தேடிய சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டு, பின்னால் இஎக்ஸ்இ வாலோடு வந்து நிற்கும். எந்தப் பெயரில் வந்தாலும் அளவு மட்டும் 8,192 பைட். ஒரு முழுப் பாட்டை இவ்வளவு சின்ன இடத்தில் அடக்க முடியாது என்று யோசித்தவர்கள் தப்பித்தார்கள்.

2002 மே மாதம் கசா நெட்வொர்க்கில் பெஞ்சமின் என்ற புழு வந்தது. பிரபலமான பாட்டு, படம், விளையாட்டுகளின் பெயர்களில் தன்னையே ஆயிரக்கணக்கில் பிரதியெடுத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு ஃபோல்டரில் அடுக்கிவைத்தது. இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் லைம்வயர் நெட்வொர்க்கை அலசியபோது, தேடலுக்குப் பதிலாக வந்த புரோகிராம்களிலும் பொட்டலங்களிலும் 68 சதவீதத்தில் கெடுதல் சாஃப்ட்வேர் இருப்பதைக் கண்டார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்தவர்களுக்கு மூன்று டம்ளரில் இரண்டில் சுண்ணாம்பு.

திருடர்கள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ரெக்கார்டிங் கம்பெனிகள் காசு கொடுத்து ஆள் வைத்துப் போலிப் பாட்டுகளை இந்த நெட்வொர்க்குகளில் கொட்டின. 2003 ஏப்ரலில் மடோனாவின் புதிய ஆல்பத்தை இலவசமாகத் தேடியவர்களுக்குப் பாட்டுக்குப் பதில் மடோனாவே திட்டும் குரல் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் ஆய்வாளர்கள் கசாவை அளந்தபோது, அப்போது பிரபலமாக இருந்த பல பாட்டுகளின் பிரதிகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவை. கசா ஃபைலை முழுதும் சரிபார்க்காமல் அங்கங்கே சில துண்டுகளை மட்டும் தொட்டுப் பார்த்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. துண்டுகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதியைக் கெடுத்தால் கசாவுக்குத் தெரியாது.

2001ல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரன்ட் இந்த ஓட்டையை அடைத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை உண்டு. ஒரு பைட் மாறினாலும் துண்டு நிராகரிக்கப்படும். ஆனால் இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதலில் போட்டவர் எதைப் போட்டாரோ அது அட்சரம் பிசகாமல் வந்து சேரும் என்பதற்குத்தான் கைரேகை உத்தரவாதம். போட்டது சினிமாவா, சினிமா பெயரில் இருக்கும் வைரஸா என்பது அதன் கவலை இல்லை. போலியும் பத்திரமாக, முழுதாக, சேதாரமின்றி வந்து சேரும்.

தமிழ் சினிமாவுக்கு இந்த உலகத்தோடு உள்ள உறவு ஊரறிந்தது. 2012ல் தனுஷ் நடித்த '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட உத்தரவால் இன்டர்நெட் கம்பெனிகள் டோரன்ட் தளங்களை மொத்தமாக மூடிவைத்தன. முழுத் தளத்தையும் மூடச் சொல்லவில்லை, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் என்று நீதிமன்றம் பிறகு விளக்க வேண்டியிருந்தது. வெளியான அன்றே படம் வேண்டும் என்ற அவசரம் இருக்கும்வரை, அந்தப் படத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு எதையும் விற்க முடியும்.

எம்.கே. அரைப்புள்ளி

திருட்டு எதுவும் இல்லாமல், நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட ஃபைலும் அடையாளம் தெரியாமல் போகலாம். இதில் உலகிலேயே அதிகம் அனுபவப்பட்டவர்களின் வரிசையில் தமிழர்களுக்கு இடமுண்டு.

சாதாரண எழுத்து ஃபைலுக்குத் தலையும் கிடையாது, அடையாளச் சீட்டும் கிடையாது. 1990களில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு எண்ணிட்டது. பாமினி ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்து ஃபைலை அனுப்பினால், உள்ளே போவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள். வாங்குபவரிடம் பாமினி இருந்தால் அம்மா. இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலம். கம்ப்யூட்டரைக் கேட்டால் அது சந்தேகமின்றி 'ஆங்கில ஃபைல்' என்றுதான் சொல்லும். அனுப்பியவர் ஃபான்ட்டின் பெயரைச் சொல்ல மறந்தால், பெற்றவர் ஒவ்வொரு ஃபான்ட்டாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் என்ற இரண்டு முறைகளைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி பரவியது. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கியில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. 2010ல் அரசும் யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஃப்ளாப்பிகளிலும் சிடிகளிலும் கைமாறிய ஆயிரக்கணக்கான கடிதங்கள், கட்டுரைகள், அச்சக ஃபைல்கள் எந்த ஃபான்ட் என்று தெரியாமல் கிடக்கின்றன. ஒரு பைட்கூட அழியவில்லை. படிக்கத்தான் முடியவில்லை.

அழைப்பிதழ் வந்திருக்கிறது

பாமினி ஃபைல் படிக்க முடியாவிட்டால் வருத்தம் மட்டும்தான். வாலை மறைத்து வரும் ஃபைலைத் திறந்துவிட்டால் பணம் போகும்.

வாலை மறைக்கும் வேலையை முதலில் செய்து கொடுத்தது மைக்ரோசாஃப்ட்தான் என்று சொன்னால் மிகையில்லை. விண்டோஸ் 95லிருந்து, தெரிந்த வகை ஃபைல்களின் வாலைத் திரையில் காட்டாமல் விடுவது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும் என்று செய்தார்கள். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, ஈமெயிலில் காதல் கடிதமாக வந்தது. அதற்கு இரண்டு வால்கள். முன்னால் எழுத்து ஃபைலின் வால், பின்னால் கட்டளை ஃபைலின் வால். விண்டோஸ் இரண்டாவதை மரியாதையாக மறைத்துவிட்டது. உலகம் முழுக்க ஆபீஸ்களில் காதல் கடிதத்தைத் திறந்து பார்த்தார்கள். அதை எழுதிய ஓனல் டி குஸ்மான் மீது வழக்கு நிற்கவில்லை. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே இல்லை.

இன்னொரு தந்திரம் இன்னும் நுட்பமானது. அரபி, ஹீப்ரு போன்ற மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், எழுத்து ஓட்டத்தைத் திருப்பிவிடும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று யூனிகோடில் உண்டு. அதை ஃபைல் பெயரின் நடுவில் செருகினால் பின்பாதி தலைகீழாகத் தெரியும். புரோகிராம் ஒன்று போட்டோ வாலோடு காட்சியளிக்கும். டெலிகிராமின் விண்டோஸ் பதிப்பில் இந்த வழியில் ஆட்களை ஏமாற்றியதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2018 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது.

நம் நாட்டில் இப்போது அவ்வளவு நுட்பம்கூடத் தேவைப்படவில்லை. 2024 நவம்பரில் ஹிமாசலப் பிரதேச சைபர் போலீசார் ஒரு எச்சரிக்கை விட்டார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று வரும் ஃபைல் உண்மையில் ஏபிகே. வாலை மறைக்கக்கூட இல்லை. பெயரின் கடைசியில் பளிச்சென்று தெரிகிறது. அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் தெரியாதவர்களின் எண்ணிக்கையே போதும். தொட்டால் போன் அனுமதி கேட்கும். மொய் எழுதும் அவசரத்தில் 'சரி' என்று அழுத்தினால், ஆப் எஸ்எம்எஸ்களைப் படிக்கத் தொடங்கும். வங்கி அனுப்பும் ஓடிபி எண் போனின் சொந்தக்காரருக்கும் திருடனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். டிராஃபிக் அபராத நோட்டீஸ் என்ற பெயரில் வரும் ஏபிகேக்களும் இதே ரகம்.

இது பியர் டு பியர் இல்லையே, வாட்ஸ்அப் ஆயிற்றே என்று கேட்கலாம். நடுவில் சர்வர் உண்டு, உண்மை. ஆனால் 2016லிருந்து செய்திகள் பூட்டப்பட்டே போவதால் நடுவில் இருப்பவரால் உள்ளே பார்க்க முடியாது. ஜிமெயிலில் ஒரு புரோகிராமை இணைத்தால் கூகுள் திறந்து பார்த்துத் தடுத்துவிடும். வாட்ஸ்அப்பின் நடுவழியில் அப்படிப் பிரித்துப் பார்க்க ஆளில்லை. ரகசியத்துக்குக் கொடுக்கும் விலை அது, நியாயமான விலையும்கூட. விளைவு என்னவோ பழைய மெமரி கார்டு காலத்துடையதுதான். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் வாசல்காரன் இல்லை. போதாததற்கு, தொற்றிய போனிலிருந்து அதன் சொந்தக்காரரின் உறவினர்களுக்கே அழைப்பிதழ் போகக்கூடும். அத்தை மகன் பெயரில் வரும் அழைப்பிதழை யார் சந்தேகப்படுவார்கள்?

ஷேர்இட்டும் குற்றமற்றதாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதன் ஆண்ட்ராய்டு ஆப்பில் வெளியாள் கட்டளைகளை ஓடவிடக்கூடிய ஓட்டைகள் இருப்பதாக டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. இந்தியாவில் தடை வந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏற்கெனவே நிறுவியவர்களின் போன்களில் ஆப் தானாக அழிந்துவிடாது.

தலையையும் வாலையும் தாண்டி, ஃபைல் முழுவதன் சாயலைப் பார்த்து வகை சொல்லும் முயற்சிகளும் நடக்கின்றன. கூகுள் 2024 பிப்ரவரியில் மாஜிகா என்ற சாஃப்ட்வேரை இலவசமாக வெளியிட்டது. செயற்கை அறிவு முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்தறியும் இதன் மூளை ஒரு மெகாபைட் அளவுதான். ஜிமெயிலிலும் டிரைவிலும் ஃபைல்களை வகை பிரிக்க கூகுள் இதைப் பயன்படுத்துகிறது. ஆனால் பூட்டிய செய்தியை நடுவழியில் எந்த மாஜிகாவும் படிக்க முடியாது. சோதனை நடக்க வேண்டுமானால் பெறுகிறவரின் போனிலேயே நடக்க வேண்டும். போனின் செட்டிங்கில் 'தெரியாத ஆப்களை நிறுவு' என்று ஒரு அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2017லிருந்து இது ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. வாட்ஸ்அப்புக்கு நேராக அது மூடியிருந்தால், அழைப்பிதழ் எந்தப் பெயரில் வந்தாலும் தொட்டவுடன் நிறுவப்படாது. முதலில் செட்டிங்குக்குப் போய் அனுமதிக்கச் சொல்லி போன் கேட்கும். கல்யாணத்துக்குப் போக செட்டிங்கை மாற்றச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இல்லை.

பெரார்கஞ்ச்சில் ஒருவர் அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டால், அவருக்கும் மும்பைவாசிக்கும் உள்ள வாய்ப்பு ஒன்றுதான். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால் அழைத்தால் வங்கிகளால் அதை முடக்கிவைக்க முடியும். கேபிள் வந்த பிறகு தீவிலிருந்து அழைப்பு வேகமாகப் போகும். பணமும் அதே வேகத்தில்தான் போகும்.